கூறு போட்ட பியானோ

ஜெசிந்தாவுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. ஆனால் பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் பியானோவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இது ரெண்டும் ஒன்றோடொன்று இடிப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருக்கும் வாசிக்கத் தெரியாது.

அவர் பெயர் விஜயராகவன். சென்னையில் புரசைவாக்கத்தில் ஒரு சந்துக்குள் பழைய பியானோக்களை வாங்கிச் சீர்செய்து விற்கிற பட்டறை வைத்திருந்தார். நெற்றியில் நாமம், வாயில் எந்நேரமும் சுக்கு, காதில் பாட்டென்று எதுவும் ஏறாது. கச்சேரிக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பார். பட்டறைக்கு ஆள் வேண்டுமென்று அவர் சொல்லிவைத்திருந்த நேரத்தில், ஏரிக்கு நடுவே பசியாவரத்துப் பக்கமிருக்கும் சின்னக் குப்பத்திலிருந்து பங்குச் சாமியார் ஒரு மீனவப் பெண்ணை அனுப்பிவைத்தார். விஜயராகவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கையைக் காட்டு" என்றார். சின்ன வயதிலிருந்து நைனாவோடு உட்கார்ந்து வலை முடிந்த விரல்கள். "நாளைக்கு வா. வரும்போது எலுமிச்சம்பழம் போட்டுக் கை கழுவிட்டு வா" என்றார்.

ஒன்பது வருஷம் அவள் எலுமிச்சம்பழம் போட்டுக் கை கழுவினாள். பியானோவுக்குள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குட்டிச் சுத்தியல் உண்டு. கட்டையை அழுத்தினால் சுத்தியல் எழும்பிக் கம்பியில் தட்டிவிட்டுத் திரும்பும். அந்தச் சுத்தியல் தலைக்குக் கம்பளி ஒட்டுவதும், கட்டைகளின் துளைகளுக்குத் துணி மாற்றுவதும், அறுந்த கம்பியை முறுக்கி மாட்டுவதும் அவள் வேலை. பியானோவை எப்படிச் சோதிப்பது என்று அவர் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு பியானோவின் முன்னாலும் முனகிக்கொண்டே செய்வார், அவள் கேட்டுக்கொள்வாள். முதலில் முகர்ந்து பார். பிறகு ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார். எழும்புகிறதா, திரும்புகிறதா, ஆடுகிறதா. அதற்கப்புறம் உள்ளே பார். வெளியே பாலீஷைக் கடைசியில் பார், அல்லது பார்க்காதே. எல்லாம் முடிந்து சரியாக இருந்தால் அவர் வாயிலிருந்து ஒரே சொல் வரும்: "தேறும்." அதற்குமேல் அவர் எதையும் புகழ்ந்ததில்லை, தன் மகளின் கல்யாணச் சாப்பாடு உட்பட.

தேறிய பியானோக்கள் சாந்தோமுக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் வண்டியேறிப் போயின. ஜெசிந்தா பட்டறை வாசலில் நின்று பார்ப்பாள். ஒரு நாளும் ஒரு பியானோ அவளோடு தங்கவில்லை. தனக்கு ஒன்று வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. வாசிக்கத் தெரியாதவளுக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அதனாலேயே யாரிடமும் சொல்லவில்லை, ஒரே ஒருத்தனைத் தவிர.

அந்த ஒருத்தன் சந்தியாகு. கல்யாணமான வருஷம், ஏரியில் படகை நிறுத்திவிட்டு வலையில் இறால் ஏறக் காத்திருந்தபோது சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்த வெச்சுகினு இன்னா பண்ணுவ? அது மேல கருவாடு காய வெப்பியா?" அவளும் சேர்ந்து சிரித்தாள். அத்தோடு அவள் அதை மறந்துவிட்டதாக அவன் நினைத்தான். அவன் மறந்துவிட்டதாக அவள் நினைத்தாள். இருபத்தி நாலு வருஷம் இந்த இரண்டு தப்புக் கணக்கோடும் குடும்பம் நன்றாகவே நடந்தது.

*

பழவேற்காட்டு பஜாரில் ஜெசிந்தாவிடம் மீன் வாங்குகிறவர்களில் மூத்தவர் ரோஷன் பீவி. பழைய வியாபாரக் குடும்பம். பர்மாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போன காலத்துப் பெரிய வீடு. இப்போது அதில் பீவியும் மகன் அனஸும் மட்டும். பீவியின் கணவர் கௌஸ் மைதீன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மடவை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே பீவி ஒரு நாள் கேட்டார்:

"நீ பட்டணத்துல பியானோக் கடையிலதானே இருந்தே?"

"ஆமா பீவிம்மா. அது அந்தக் காலம்."

"எங்க வீட்டுல ஒண்ணு கெடக்கு."

அது கிடப்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கௌஸ் மைதீன் சென்னையில் ஒரு பங்களா ஏலத்துக்குத் தேக்கு பீரோ வாங்கப் போனார். பீரோ கை நழுவியது. வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் பியானோவோடு வந்து இறங்கினார். பாட்டோ வாத்தியமோ பழக்கமில்லாத வீடு. வாங்கியவருக்கு அதை எந்தப் பக்கமிருந்து திறப்பது என்றுகூடத் தெரியாது. பீவியின் தம்பி ஹாமித் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான் தலையில ஐஸ் பெட்டிய கட்டிட்டாங்க" என்றார். அந்தப் பேச்சு ஒரு வாரத்தில் பஜாரைத் தாண்டி பொன்னேரி வரைக்கும் போனது. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் எந்தப் பெருநாள் விருந்திலும் கௌஸ் மைதீன் ஏதாவது ஒரு யோசனை சொன்னால், எதிரே ஹாமித் இருந்தால், "ஐஸ் பெட்டி" என்ற சொல் கிளம்பும். மனிதர் சிரித்துக்கொள்வார். பீவி சிரித்ததில்லை.

"அனஸ் கூடத்தை இடிச்சு மாடி கட்டப்போறான். அதுக்கு எடமில்ல" என்றார் பீவி. "நல்லா இருந்தா என் மக ஷிஃபா எடுத்துக்கறேங்கறா. சென்னையில அவ பொண்ணு கிளாஸுக்குப் போவுது. உதவாதுன்னா வெறகுக்குப் போட எனக்கு மனசு வரல. நீயே எடுத்துட்டுப் போயிடு. நீ வந்து பார்த்துச் சொல்றதுதான்."

அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்த ஜெசிந்தாவின் கை ஒரு நொடி நின்றது. "நெஜமாவா பீவிம்மா?"

"நான் எப்ப வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கேன், நண்டு வெலை பேசறப்ப தவிர?"

வீட்டுக்கு வந்து சந்தியாகுவிடம் சொன்னாள். அவன் உடனே எழுந்து வெளியே போனான். மறுநாள் பார்த்தால், கரையில் உடைந்து கிடந்த பழைய மரப்படகின் பலகைகளை இழைத்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் ஏரி வாசலுக்கு வரும் வீடு அது. சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை எழும்பியது.

"இன்னாய்யா இது? இன்னும் நான் பாக்கவே இல்ல."

"பாக்கறதுக்கு இன்னா கீது? நாப்பது வருசம் உப்புக் காத்துல கெடந்த சாமான். கண்டிப்பா உதவாது," என்றான் முகமெல்லாம் சந்தோஷமாக.

ஒரு பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டுமென்று இப்படி மனதார வேண்டிக்கொள்பவனை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் தனியாகப் போய் மெழுகுவர்த்தி ஏற்றியது எதற்கென்றும் கேட்கவில்லை. கேட்டால், தானும் ஒன்று ஏற்றியதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

*

இரண்டு படகுகளை இணைத்துக் குறுக்கே பலகை போட்டுக் கட்டி, கயிறும் பழைய மெத்தையுமாக சந்தியாகு வந்தான். ஜெசிந்தா கொண்டுவந்தது ஒரே ஒரு சாமான்: கம்பி முறுக்கும் சாவி. கல்யாணத்துக்கு விஜயராகவன் கொடுத்த பரிசு. இத்தனை வருஷமும் படகு எஞ்சின் ஸ்பேனர்களோடு டப்பாவில் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து வந்திருந்தாள். கையையும் எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவியிருந்தாள். காலையில் அதைச் செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

பீவி வீட்டுக் கூடத்து மூலையில் பியானோ பச்சைத் துணி போர்த்தி நின்றது. அனஸ் துணியை இழுத்தான். மேல் பாலீஷ் மீன் செதிலாக உரிந்திருந்தது. பின்பக்கக் காலில் செல்லரித்த கோடு. மூடியின் உள்பக்கம் பொன்னெழுத்தில் இருந்த பெயரில் நடு எழுத்து இரண்டு மட்டும் மிச்சம்.

"அக்கா, கூகுள்ல தேடிப் பார்த்தேன். இந்த ரெண்டு எழுத்த வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல," என்றான் அனஸ்.

"பேர் கெடக்கட்டும் தம்பி."

சந்தியாகு பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டான், படகு வாங்கப் போன இடத்தில் செய்வது போல. "பலகை காஞ்சு கெடக்குது. ஒண்ணும் பயமில்ல. மேல சுத்தி ஒரு கோட் ஃபைபர் அடிச்சுட்டா இன்னும் அம்பது வருசம் தண்ணி எறங்காது."

"தண்ணில வுடப்போறியா இத்த?"

"வுடலன்னாலும் தண்ணி வரும் இல்ல?"

பீவி ஊஞ்சல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முக்காட்டுக்குள்ளிருந்து கண்கள் மட்டும் ஜெசிந்தாவின் கையைத் தொடர்ந்தன.

ஜெசிந்தா மூடியிடுக்கில் மூக்கை வைத்தாள். எலி மூத்திரமும் பூஞ்சையும் எதிர்பார்த்தாள். வந்தது சாம்பிராணி வாசனை. குனிந்து முழங்கால் பக்கத்துப் பலகையைக் கழற்றினாள். உள்ளே, கம்பிகளின் அடியில், ஒரு சாக்கு அடுப்புக்கரி.

"இது இன்னா பீவிம்மா?"

"வீட்லயே ஈரம் ஏறாத எடம் அதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடக் கரியை அங்கதான் வைப்பேன். அவரு வாங்கிட்டு வந்த நாள்லேர்ந்து. அவ்வளவு பெரிய பெட்டி, எதுக்காவது உபயோகப்படட்டுமேன்னு."

ஈரம் ஏறாத இடத்தில் கரி இருந்ததா, கரி இருந்ததால் ஈரம் ஏறவில்லையா என்று பீவிக்குத் தெரியாது. ஜெசிந்தாவுக்குத் தெரியும், கரிதான் ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. தீர்ந்த கரிக்குப் புதுக்கரி, வாரம் தவறாமல் நாற்பது வருஷம். எந்தப் பட்டறையிலும் ஒரு பியானோவை இப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள்.

கட்டைகளை இடது கோடியிலிருந்து தொடங்கினாள். முதல் கட்டை அழுத்தினால் போனது, திரும்பவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது போகவே இல்லை. அனஸ் உதட்டைப் பிதுக்கினான். சந்தியாகு மெத்தையைத் தட்டிச் சரிசெய்துகொண்டான். ஜெசிந்தா ஒவ்வொன்றாக நகர்ந்தாள். எல்லாம் சேற்றில் கால் வைத்தது போல. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை மட்டும் தொட்டதும் இறங்கி, விட்டதும் துள்ளி எழுந்தது. கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. சுருதி இறங்கியிருந்தாலும் கனிந்த சத்தம். அவள் மறுபடி தொட்டாள். மறுபடியும் வந்தது. பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அதைத் தாண்டி மறுபடியும் சேறுதான். ஆனால் கட்டைகளின் மேலிருந்த தந்தத் தகடுகளை இப்போதுதான் அவள் பக்கத்தில் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவுக்குப் பித்தளை ஆணி. பசை மட்டும் போட்டு ஒட்டினால் வெயில் நாட்டில் பெயர்ந்துவிடும் என்று தெரிந்தவர்கள் செய்தது. விஜயராகவன் பட்டறையில் இப்படி வந்தவை நாலோ ஐந்தோதான்.

மேல் மூடியைத் தூக்கினாள். சுத்தியல்களின் கம்பளியில் பூச்சி இல்லை. கம்பி வெட்டிய தடம்கூட இல்லை. யார் வாசித்தார்கள் தடம் விழ? இரும்புச் சட்டத்தில் விரிசல் இல்லை. சாவியைக் கம்பி சுற்றிய ஓர் ஆணியில் மாட்டி மெல்ல அசைத்தாள். இற்றுப்போன மரத்தில் ஆணி பல் ஆடுவது போல ஆடும். இது அசைய மறுத்தது. இன்னொன்று. அதுவும் மறுத்தது. கீழ்க்கோடியில் ஒன்று, மேல்கோடியில் ஒன்று. கம்பிகளில் மேலோட்டமாகத் துரு. கந்தல் துணிக்குப் போய்விடும் துரு.

ஒவ்வொரு நல்ல சேதியும் அவளுக்குக் கெட்ட சேதியாக வந்தது. ஒரு விரிசல் கிடைக்காதா என்று பின்பக்கம் போய்ப் படுத்துப் பார்த்தாள். டார்ச்சை அடித்து அடித்துப் பார்த்தாள். பின்பலகை குழந்தை முதுகு மாதிரி இருந்தது. செல்லு காலோடு நின்றுவிட்டிருந்தது, வெளிக்கட்டையைத் தின்றதோடு போதுமென்று.

எழுந்து கையிலிருந்த தூசியைத் தட்டினாள். மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள், பியானோவையும் சேர்த்தால் நாலு.

"கால்ல செல்லு புடிச்சிருக்கு," என்றாள். "கட்டை எதுவும் எழும்பல, நீங்களே பாத்தீங்க. கம்பி துரு. மேல பாலீஷ் போயிடுச்சு."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மொத்தமாகச் சேர்த்தால் அத்தனையும் பொய்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் அனஸ், போனைப் பார்த்துக்கொண்டே. "ஹாமித் மாமா சொன்னது சரிதான். வாப்பாவ நல்லா ஏமாத்திட்டாங்க."

பீவி யாரையும் பார்க்காமல், "அவருக்குத் தேக்குதான் நல்லாத் தெரியும்," என்றார். "மத்தது தெரியாது. ஆனா அன்னிக்கு ராத்திரி என்கிட்ட சொன்னாரு, இது நல்ல பொருள் ரோஷன், எனக்குக் கையில படுதுன்னு. சரி, கையில பட்டா ஆச்சா. எடுத்துட்டுப் போ ஜெசிந்தா."

சந்தியாகு கயிற்றை உதறினான். ஆனால் பெண்டாட்டி அசையாமல் நிற்பதைப் பார்த்து நின்றான். அவள் சாவியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நின்னுகினு கீற? கூறு போட்டாச்சு இல்ல, தூக்க வேண்டியதுதானே?"

அவன் வழக்கமாகப் பேசுகிற பேச்சுதான். ஜெசிந்தாவின் முகம் அறை வாங்கியது போலானது.

"பீவிம்மா," என்றாள். "ஒரு உதவி. எனக்குத் தர்றேன்னு சொன்னீங்க இல்ல, அந்த வார்த்தைய நீங்க திருப்பி எடுத்துக்கணும்."

"ஏன், வேணாமா உனக்கு?"

"வேணும். அதனாலதான்."

பீவிக்குப் புரியவில்லை. அனஸுக்கும் புரியவில்லை. சந்தியாகுவுக்கு இது சுலபமான விஷயமாக இருந்ததால் அவனே பெருமையோடு விளக்க வந்தான்.

"அது எங்க ஊரு வழக்கம் தம்பி. வலை இழுத்து மீனைப் பங்கு பங்கா மண்ணுல குவிப்போம் இல்ல, அதான் கூறு. கூறு கட்டுறவனுக்குக் கண்ணு ஒரு கூறு மேல போயிடும், மனுசன்தானே. அதனால இன்னொருத்தன் கூறுக்கு முதுகு காட்டி நின்னுக்குவான். ஒண்ணைத் தொட்டு 'இது யாருக்கு'ன்னு கேப்பாங்க. இவன் திரும்பிப் பாக்காம ஒரு பேர சொல்லுவான். எது யாருக்குப் போவுதுன்னு தெரியாதப்பதான் கூறு நேரா வுழும். முதுகு காட்டுறவன் யாருன்னு நெனைக்கிற? நான்தான். இத்தினி வருசத்துல ஒரு சண்டை வந்ததில்ல. கையில ஆசைய வெச்சுகினு கூறு கட்டினா..."

அங்கே நின்றான். மனைவியைப் பார்த்தான். பியானோவைப் பார்த்தான். வெளியே, கரையில், இணைத்துக் கட்டிய படகுகள் இருக்கும் திசையைப் பார்த்தான்.

"அட," என்றான்.

ரோஷன் பீவி வியாபாரிகள் வீட்டில் பிறந்து வியாபாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். நாற்காலியில் நிமிர்ந்தார். "சரி. குடுக்கறேன்னு சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிட்டேன். நல்லா இருந்தாலும் உனக்கு இல்ல. கெட்டுப் போயிருந்தாலும் உனக்கு இல்ல. இப்பச் சொல்லு."

ஜெசிந்தா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

"தேறும்," என்றாள்.

பிறகு அந்தச் சொல்லின் எடை இங்கே யாருக்கும் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, வாய் திறந்து கொட்டினாள். கட்டை ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். மழைக்கு ஜன்னல் இறுகுவது போல. துளையைத் தளர்த்தினால் துள்ளும். செல்லு கால் கட்டையோடு சரி. ஆணி ஒன்றுகூட இளகவில்லை. கம்பளி புதுசு மாதிரி. இந்த ஊர் வெயிலுக்கென்றே பித்தளை ஆணி அடித்துச் செய்தது. அதற்குமேல் நாற்பது வருஷமாகக் கரி மூட்டை அதற்குக் காவல் இருந்திருக்கிறது.

"ஒன்பது வருசம் நான் பாத்ததுல, இது மாதிரி ஒரு கை விரலுக்குள்ள அடங்கும். உங்க வூட்டுக்காரரு ஏமாறல பீவிம்மா. வித்தவந்தான் ஏமாந்திருக்கான்."

பீவி கண்ணைத் துடைப்பார் என்று அனஸ் பயந்தான். அவர் துடைக்கவில்லை. "போன் போடு," என்றார்.

"ஷிஃபாவுக்கா உம்மா?"

"அவளுக்கு அப்புறம். முதல்ல ஹாமித் மாமாவுக்கு."

"இப்பவா? அவரு தூங்கற நேரம்."

"எழுப்பு."

அனஸ் போனோடு வாசலுக்குப் போனான். அவன் குரல் கேட்காத தூரம் போனதும் ஜெசிந்தா அந்த நடுக்கட்டையை லேசாகத் தொட்டாள். கனிந்த சத்தம் மறுபடி எழும்பியது.

"இது ஒண்ணு மட்டும் ஊதவே இல்ல. தினம் தொட்டுகினு இருந்தாத்தான் இப்படி இருக்கும்."

பீவி சுவரைப் பார்த்தார். "கரி எடுக்கக் குனிஞ்சு எழும்பறப்ப கை வைக்கறது. புடிமானத்துக்கு."

"மூடிய தெறந்துட்டா பீவிம்மா கை வைப்பீங்க?" என்றான் சந்தியாகு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில்.

ஜெசிந்தா அவனைப் பார்த்த பார்வையில் அவன் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

"புடிமானம் வேணுந்தானே பீவிம்மா," என்றாள் அவள்.

"அவரு போனப்புறந்தான்," என்றார் பீவி மெதுவாக. "அவரு இருந்தப்ப தொட்டதில்ல."

*

ஷிஃபா போனில் முகம் காட்டிச் சந்தோஷப்பட்டாள். எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டாள். இப்படியே வண்டியேற்றினால் வழியில் கெட்டுவிடும், இங்கேயே சரிசெய்துதான் ஏற்ற வேண்டும் என்றாள் ஜெசிந்தா. அதை யார் செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

"எவ்வளவு நாள் ஆகும் ஜெசிந்தாக்கா?" என்றாள் ஷிஃபா.

விஜயராகவன் பட்டறையில் இது இருபது நாள் வேலை. "மழை வருது. ஈரத்துல அவசரப்படக் கூடாது. தை பொறக்கணும்," என்றாள் ஜெசிந்தா. இந்த ஒரு பொய்யைச் சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு உறுத்தவே இல்லை.

"தையா! கூடத்தை இடிக்கணுமே," என்றான் அனஸ்.

"தையில இடி," என்றார் பீவி. "நாப்பது வருசம் நின்ன சொவரு, தை வரைக்கும் நிக்காதா?"

தந்தம் பதித்த கட்டைகளைத் தனித்தனியே உருவி எடுத்து வீட்டில் வைத்துத்தான் துளை சரிசெய்ய வேண்டும். ஜெசிந்தா ஒவ்வொன்றின் மரத்திலும் பென்சிலால் எண் போட்டு உருவினாள். மீன் அனுப்புகிற தெர்மக்கோல் பெட்டி ஒன்றை அனஸ் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தான். பீவி தன் கையால் ஒரு பொட்டலம் கரியை அதற்குள் வைத்தார். நடுவில் வந்தபோது ஜெசிந்தாவின் கை நின்றது. அவள் பீவியைக் கேட்கவில்லை. அடுத்த கட்டைக்குப் போனாள்.

பியானோவுக்காக இணைத்துக் கட்டிய இரண்டு படகுகள் ஒரு தெர்மக்கோல் பெட்டியைச் சுமந்துகொண்டு ஏரியில் திரும்பின. கரையில் பார்த்தவர்கள் இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் வருவது என்ன மீன் என்று கத்திக் கேட்டார்கள். சந்தியாகு எஞ்சின் வேகத்தைக் கூட்டினான். பாதி ஏரி தாண்டிய பிறகு, "நான் அந்தக் கூறு பேச்சை எடுக்காம இருந்திருக்கலாம்," என்றான்.

"எடுத்திருக்காட்டி, உன் மேடைக்கு வந்திருக்கும். நான் தெனம் அதுக்கு முதுகு காட்டிகினு உக்காந்திருப்பேன்."

அவன் எஞ்சின் சத்தத்தில் அது கேட்காத மாதிரி இருந்தான். கேட்டது.

வீட்டில் வெளிச்சம் மங்குவதற்குள் மேடைமேல் பழைய வேட்டியை விரித்து, எண் பார்த்துக் கட்டைகளை வரிசையாக வைத்தான் சந்தியாகு. அவள் சொல்லாமலே செய்தான். வெள்ளையும் கருப்புமாக மேடையின் நீளத்துக்கு அது சரியாகவே பொருந்தியது. அளவெடுக்காமல் அடித்த மேடை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தான். ஜெசிந்தா ஒரு கோடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் தலையிலும் விரலை வைத்து எடுத்தாள். சத்தம் வரவில்லை. வராது என்று தெரிந்தும், கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான வருஷம் சிரித்த சிரிப்புக்கு இப்போது பதிலாக என்ன சொல்வது என்று யோசிப்பவன் போல இருந்தான். கடைசியில், "நல்லாத்தான் கீது," என்றான்.

பிறகு வரிசையின் நடுவில் ஓர் இடைவெளியைக் கண்டு பதறினான்.

"ஏ, ஒண்ணு கொறையுது! படகுல வுழுந்துடுச்சா?" பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். கரிப்பொடிதான் கொட்டியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடப் போனான்.

"உக்காருய்யா. அது அங்கயே கீது."

"ஏன்? அதுவும் சேந்துதானே வரணும்?"

"அது பீவிம்மா கூறு."

அவன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பக்கத்துக் கட்டைகளை நெருக்கி வைக்க ஒரு கை போனது. பாதியில் அந்தக் கையை எடுத்துக்கொண்டான்.